கடனும் கருணையும்: ஒரு கறுப்பு வெள்ளைக் கிறிஸ்துமஸ் படமும் ஓசூரும்

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் படம் வெளியிடுவது தமிழ்த் திரையுலகின் நெடுநாள் வழக்கம். இரண்டுக்கும் நடுவில் வரும் கிறிஸ்துமசுக்கென்று ஒரு பட வகை இங்கே வளரவில்லை. ஆங்கிலத்தில் வளர்ந்தது. அந்த வகையில் இன்றைக்கும் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று, ஃபிராங்க் காப்ரா இயக்கி ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’. 1946 டிசம்பர் 20 அன்று நியூயார்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம். அதில் வானத்திலிருந்து ஒரு தேவதூதர் இறங்குகிறார், பனி கொட்டுகிறது, மணி ஒலிக்கிறது. இத்தனை ஆண்டுகள் அது நின்றதற்கு இவையே காரணம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்து அதைப் பார்க்கும் ஒருவருக்கு வேறொரு காரணம் தென்படும். அது வீட்டுக் கடனைப் பற்றிய படம். ஒரு சாதாரண மனிதன் தன் ஊருக்கு எவ்வளவு பெறுவான் என்று கணக்குப் பார்க்கும் படம்.

எல்லையோர டிசம்பர்

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஓசூர் வந்தவர்களின் ஊராயிற்று. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் டிவிஎஸ் மொபெட் இங்கிருந்து சாலைக்கு வந்தது. 1987இல் டைட்டன் கடிகாரங்கள் வெளிவந்தன. தர்மபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆயிற்று. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்கும் நிலம் இது.

இங்குள்ள கிறிஸ்தவர்களிலும் இரண்டு அடுக்கு உண்டு. எலத்தகிரி, மத்தகொண்டப்பள்ளி போன்ற ஊர்களின் பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒன்று. ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்து, அப்ரன்டிஸாகச் சேர்ந்து, பிறகு இங்கேயே தங்கிவிட்ட தென்மாவட்டத்துக்காரர்கள் மற்றொன்று. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தர்மபுரி மறைமாவட்டம் இவர்களில் கத்தோலிக்கர் அனைவரையும் ஒரு குடைக்குள் வைத்தது. வேப்பனப்பள்ளிப் பக்கம் எல்லையைத் தாண்டினால் கோலார் தங்கவயல். தமிழ்த் தொழிலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாகச் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய அந்த ஊருக்கும் தனக்கென்று ஒரு கிறிஸ்துமஸ் மரபு உண்டு. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போன ஊரிலிருந்து இன்றும் விடியற்காலை ரயில்கள் பெங்களூருக்கு ஆட்களைச் சுமந்து போகின்றன.

இந்தப் பின்னணியை மனதில் வைத்துக்கொண்டு காப்ராவின் கதை நடக்கும் பெட்ஃபோர்டு ஃபால்ஸ் என்ற கற்பனை ஊருக்குள் நுழைந்தால் படம் வேறாகத் தெரிகிறது.

கடைசியில் இரண்டு டாலர்

கதையின் விதை மிகச் சிறியது. ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்பவர் ஒரு சிறுகதை எழுதினார். பத்திரிகைகள் வாங்கவில்லை. 1943 கிறிஸ்துமசுக்கு அதை 200 பிரதிகள் அச்சிட்டு வாழ்த்து அட்டைபோல நண்பர்களுக்கு அனுப்பினார். அது ஆர்கேஓ நிறுவனத்தின் கைக்குப் போய், அங்கிருந்து காப்ராவிடம் வந்தது. போர்விமானியாகப் பணியாற்றித் திரும்பிய ஸ்டூவர்ட்டுக்குப் போருக்குப் பிந்தைய முதல் படம் இதுதான்.

நாயகன் ஜார்ஜ் பெய்லிக்கு உலகம் சுற்ற ஆசை. அப்பா இறந்துபோக, அவர் நடத்திய சிறிய வீட்டுக்கடன் சங்கம் அவன் தலையில் விழுகிறது. ஊரின் பெரும் பணக்காரர் பாட்டர் அந்தச் சங்கத்தை மூடப் பார்க்கிறார். அது மூடினால் தொழிலாளிகள் பாட்டரின் குடிசைகளில் காலமெல்லாம் வாடகைக்குக் கிடக்க வேண்டியதுதான். ஜார்ஜ் ஊரிலேயே தங்கிவிடுகிறான்.

படத்தின் ஆகச் சிறந்த காட்சி தேவதூதர் வருவதற்கு வெகு முன்னால் வருகிறது. ஜார்ஜின் கல்யாண நாள். தேனிலவுக்குக் கிளம்பும் நேரத்தில் வங்கி முடங்கிவிட்டதென்ற செய்தி பரவி, போட்ட பணத்தைக் கேட்டு ஜனங்கள் சங்கத்தின் வாசலில் திரள்கிறார்கள். ஜார்ஜ் அவர்களிடம் சொல்வதன் சாரம் இது: உங்கள் பணம் இரும்புப் பெட்டியில் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரின் சுவராகவும் கூரையாகவும் நிற்கிறது. மனைவி மேரி தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை உயர்த்திக் காட்டுகிறாள். மனைவி மேரி தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை உயர்த்திக் காட்டுகிறாள். அடுத்தவர் 20 போதும் என்கிறார். ஒரு வயதான அம்மாள் தயங்கித் தயங்கி 17 டாலர் 50 சென்ட் கேட்கிறார். ஜார்ஜ் அவரை முத்தமிடுகிறான். மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்தும்போது மிச்சம் இரண்டு டாலர். அந்த இரண்டையும் ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் பெட்டகத்தில் வைக்கிறார்கள்.

இந்தக் காட்சியைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு உரை வேண்டாம். 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் வங்கி விழுந்தபோது இதே பதற்றம் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பிடித்தது. அந்த அடியிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அதன் பிறகும் நிதி நிறுவனங்கள் முளைத்து மறைவது நிற்கவில்லை. 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புக்குத் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

ஓசூரின் தொழிலாளர் குடியிருப்புகளில் ஏலச்சீட்டு இல்லாத தெருவைத் தேட வேண்டும். இருபது பேர் மாதாமாதம் பணம் கட்டுவார்கள். அவசரக்காரர் அதிகக் கழிவுக்குக் கேட்டுச் சீட்டை எடுப்பார். கழிந்த தொகை மற்றவர்களுக்குப் பங்காகப் பிரியும். எடுத்தவர் ஓடமாட்டார் என்ற நம்பிக்கைதான் மொத்த முதல். நிரந்தர வேலைக்காரருக்கு ஆலையின் சொசைட்டி லோன் உண்டு. கான்ட்ராக்ட் ஆளுக்கு அதுவும் இல்லை. அவருக்குச் சீட்டுதான் சங்கம், சீட்டுப் பிடிக்கும் அக்காதான் ஜார்ஜ் பெய்லி. அந்த அக்கா மாதத் தவணைக்கு ஒருவருக்கு அவகாசம் கொடுத்தால், மற்ற பத்தொன்பது பேரின் முகத்தையும் அவர்தான் பார்க்க வேண்டும்.

படத்தில் மார்ட்டினி என்ற இத்தாலியக் குடும்பம் சொந்த வீட்டுக்குக் குடிபோகிறது. ஜார்ஜும் மேரியும் வாசலில் நின்று ரொட்டியும் உப்பும் திராட்சை மதுவும் கொடுத்து வாழ்த்துகிறார்கள். வாடகை வீட்டில் வருஷக்கணக்காகக் கிடந்து, பாகலூர் ரோட்டுப் பக்கமோ மத்திகிரிப் பக்கமோ ஒரு மனை வாங்கி, பால் காய்ச்சிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்தக் காட்சியின் எடை தெரியும்.

தமிழில் என்ன இருந்தது?

கிறிஸ்துமஸ் படம் என்ற வகை தமிழில் வளராவிட்டாலும், கிறிஸ்தவப் பின்னணி கொண்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் நமக்கு உண்டு. நான்கை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது ‘ஞானசௌந்தரி’. நாடக மேடையில் பல காலம் நடந்த கதை. 1948இல் சிட்டாடல் நிறுவனமும் ஜெமினியும் ஒரே சமயத்தில் இதைப் படமாக்கின. டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடித்த சிட்டாடல் படம் பெருவெற்றி பெற்றது; எஸ்.எஸ். வாசன் தம் படத்தைத் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெற்றார். கன்னட நாட்டில் பிறந்து, கன்னடத்தில் 1943இலேயே படம் தயாரித்த ராஜம்மா, தமிழ்க் கத்தோலிக்கரின் மனதில் ஞானசௌந்தரியாகவே பதிந்தார். எல்லைப்புறத்துக்காரர்கள் பெருமைப்படக்கூடிய செய்தி இது. சித்தியின் சூழ்ச்சியால் கைகளை இழந்த பெண்ணுக்கு மாதா கைகளைத் திருப்பித் தருவது கதை. அதில் மாதாவை நோக்கிப் பாடப்படும் வேண்டுதல் பாட்டு திரையரங்கை விட்டு வெளியே வந்து பக்திப் பாடலாகவே வாழ்கிறது.

இரண்டாவது, கே. ராம்நாத் இயக்கி 1950இல் வந்த ‘ஏழை படும் பாடு’. விக்டர் ஹ்யூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்கியிருந்தார்; அந்த வழியில் வந்த படம் இது. திருடிய கைதியை மன்னித்து வெள்ளிச் சாமானையும் கொடுத்தனுப்பும் பாதிரியாரின் செயல், கைதியாக நடித்த நாகையாவின் முகத்தில் உண்டாக்கிய மாற்றத்தைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு ‘ஜாவர்’ என்ற பட்டம் ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது, எல்.வி. பிரசாத்தின் ‘மிஸ்ஸியம்மா’ (1955). சிரிப்புப் படமாகவே நினைவில் நிற்கிறது. அதன் முதுகெலும்பு ஒரு கடன். வளர்ப்புத் தந்தை வாங்கிய கடனைக் காட்டி ஒருவன் மேரியைக் கல்யாணத்துக்கு நெருக்குகிறான். கடனை அடைக்கத்தான் சாவித்திரியின் மேரி, முன்பின் தெரியாத ஜெமினி கணேசனோடு கணவன் மனைவி என்று சொல்லிப் பள்ளி வேலைக்குப் போகிறாள்.

நான்காவது ‘ஞான ஒளி’ (1972). வண்ணப் படங்கள் பெருகிவிட்ட காலத்தில் பி. மாதவன் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். பாதிரியாரிடம் வளர்ந்து சவப்பெட்டி செய்து பிழைக்கும் அந்தோணியாகச் சிவாஜி கணேசன், அவரைத் துரத்தும் காவல் அதிகாரி லாரன்ஸாக மேஜர் சுந்தரராஜன். சிறையிலிருந்து தப்பி, வேறு பெயரில் செல்வந்தராகத் திரும்பும் அந்தோணியை நடத்துவது, பாதிரியாருக்குக் கொடுத்த வாக்கு.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ‘ஞானசௌந்தரி’யில் மட்டுமே வானம் நேரடியாக இறங்கி வருகிறது. மற்ற மூன்றிலும் மனிதர் மனிதருக்குப் பட்ட கடனே கதையை ஓட்டுகிறது: ஒரு பாதிரியார் செய்த நன்மை, ஒரு தகப்பன் வாங்கிய பணம், ஒரு வளர்ப்பு மகன் கொடுத்த வாக்கு. காப்ராவின் படத்தில் இவ்விரண்டும் ஒன்றாக நடக்கின்றன. கிளாரன்ஸ் என்ற தேவதூதர் ஜார்ஜுக்கு எதையும் கொடுப்பதில்லை. அவன் பிறக்காமலே இருந்திருந்தால் ஊர் என்ன ஆகியிருக்கும் என்று காட்டுகிறார், அவ்வளவுதான். சங்கத்தில் தொலைந்துபோன தொகைக்கு ஈடாகப் பணத்தைக் கொண்டுவந்து மேசையில் கொட்டுவது ஊர்ஜனங்கள்.

பனி, வெயில், கறுப்பு வெள்ளை

படம் எடுக்கப்பட்டது 1946இன் வெயில் காலத்தில், கலிபோர்னியாவில். அதுவரை வெள்ளையடித்த கார்ன்ஃபிளேக்ஸைத்தான் பனியாகக் கொட்டுவார்கள். மிதித்தால் நொறுங்கும் சத்தத்தில் வசனம் கேட்காது. காப்ராவின் குழு தீயணைப்பு நுரையோடு சோப்பும் தண்ணீரும் கலந்து, சத்தம் போடாத பனியைச் செய்தது. ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகளில் ஒன்றும் பலிக்காத படத்துக்கு அந்தப் பனிக்காகத் தொழில்நுட்ப விருது கிடைத்தது. பனியே காணாத ஊர்களில் குடிலின் கூரைமேல் பஞ்சை ஒட்டிக் கிறிஸ்துமஸ் கொண்டாடும் நமக்கு அந்தப் பனி அந்நியமில்லை.

1980களில் இதற்கு வண்ணம் பூசியபோது காப்ராவும் ஸ்டூவர்ட்டும் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. மனமுடைந்து பாலத்தின்மேல் நிற்கும் ஜார்ஜின் வியர்த்த முகம் இருட்டிலிருந்து பிதுங்கித் தெரிகிறது. ‘ஞான ஒளி’யில் தேவாலயத்துக்குள் நிற்கும் சிவாஜியின் முகமும் அப்படியே. நிறம் வந்தால் கண் சுற்றியுள்ள பொருள்களுக்குப் போகும். கறுப்பு வெள்ளையில் பார்ப்பதற்கு முகம் மட்டுமே இருக்கிறது.

தோற்ற படம் திரும்பி வந்த விதம்

வெளியானபோது படம் நஷ்டம். காப்ராவின் லிபர்ட்டி பிலிம்ஸ் நிலைக்கவில்லை. 1974இல் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறியதால் தொலைக்காட்சி நிலையங்கள் கட்டணமின்றி டிசம்பர் தோறும் ஒளிபரப்பத் தொடங்கின. 1993இல் மூலக்கதையின் உரிமையைக் காட்டி அதை மீண்டும் கட்டுக்குள் கொண்டுவருவதற்குள் ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்துவிட்டது. யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்த காலத்தில்தான் அது எல்லோருக்கும் சொந்தமாயிற்று. ஆனால், இலவசமாகக் கிடைத்த எல்லாப் படங்களும் இப்படி நிற்கவில்லை. இது நின்றதற்கு அதன் நேர்மையே காரணம்.

அந்த நேர்மைக்கு ஒரு சான்று போதும். ஜார்ஜின் அப்பாவுடைய சகோதரர் தவறவிட்ட சங்கத்தின் 8,000 டாலர் பாட்டரிடம் சிக்குகிறது. தெரிந்தே அவர் ஒளித்துக்கொள்கிறார். படம் முடியும்வரை அந்தப் பணம் திரும்புவதில்லை. பாட்டருக்குத் தண்டனையும் இல்லை. தீயவன் அழிய வேண்டுமென்று எதிர்பார்க்கும் ரசிகருக்கு இது குறை. எனக்கோ படத்தின் மிக உண்மையான முடிவு இதுதான். மூடிய ஆலையும் ஓடிப்போன நிதிக் கம்பெனியும் எதையும் திருப்பித் தருவதில்லை என்பது தங்கவயல்காரருக்கும் தெரியும், சிப்காட் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் தெரியும். இழந்ததை ஈடுகட்ட வருபவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களே என்பதும் தெரியும்.

படத்தில் பலவீனமும் உண்டு. ஜார்ஜ் இல்லாத உலகில் மேரிக்கு நேர்ந்த பெருந்துயரமாகக் காட்டப்படுவது, அவள் கல்யாணமாகாமல் நூலகராக இருப்பது. ஆலைக்குள் கடிகாரமும் செல்போனும் அசெம்பிள் செய்து, விடுதியில் தங்கி, தம்பியின் படிப்புக்குப் பணம் அனுப்பும் ஓசூரின் இளம்பெண்கள் இதை ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் வேண்டியதில்லை. குடும்பத்துக்காகத் தன் பயணத்தைத் தள்ளிப்போட்ட ஜார்ஜ் பெய்லிகளில் பாதிப்பேர் இன்று அந்தப் பெண்கள்தான்.

ஒரு காரியம் செய்யலாம். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தேவாலய மண்டபங்கள், தொழிற்சங்க அலுவலகங்கள், வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. நல்ல தமிழ் வசன வரிகளோடு காப்ராவின் படத்தையும் அதை அடுத்து ‘ஞான ஒளி’யையும் ஒரு டிசம்பர் ஞாயிறில், ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு ஏற்ற நேரத்தில் திரையிடலாம். கிறிஸ்தவர், கிறிஸ்தவரல்லாதார் என்ற பிரிவு வேண்டாம். சீட்டுக் கட்டுகிறவர்களும் வீட்டுக்கடன் அடைக்கிறவர்களும் வந்தால் போதும். ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் ஒருவருக்கொருவர் என்ன கடன் பட்டிருக்கிறோம் என்று சேர்ந்து உட்கார்ந்து பேசினால், தமிழில் இன்னும் எடுக்கப்படாத அந்தக் கிறிஸ்துமஸ் படத்துக்கான கதை அங்கிருந்துதான் கிளம்பும்.