செல் கூட்டம் சொல்வதும் சொல்லாததும்

உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் திசுவையே தாக்குவதால் வாயில் எழும் புண்களை இனங்காண, ஒரு துணுக்குத் திசுவை வெட்டியெடுத்துச் சாயமேற்றி, அதில் எந்த அழற்சிச் செல்கள் எங்கே திரண்டுள்ளன என்று நுண்ணோக்கியில் பார்ப்பது நெடுநாள் வழக்கம். செலவு குறைந்த இம்முறையின் வலிமை, 1869-இல் எராஸ்மஸ் வில்சன் விவரித்த லைக்கன் பிளேனஸ் நோயில் நன்கு புலப்படுகிறது. அந்நோயில் லிம்போசைட் எனப்படும் வெள்ளணுக்கள் மேற்படலத்தை ஒட்டி அதன் அடியில் பட்டைபோல் நெருங்கி நிற்க, படலத்தின் அடிவரிசைச் செல்கள் சிதைந்து கிடப்பதைப் பயிற்சி பெற்ற கண் எளிதில் கண்டுகொள்ளும்.

ஆனால் அந்தப் பட்டை லைக்கன் பிளேனஸுக்கு மட்டும் உரியதன்று. பல் அடைக்கும் அமால்கம் உரசும் இடத்திலும், சில மருந்துகளின் விளைவாகவும், வெற்றிலை பாக்கை ஒதுக்கி வைக்கும் கன்னத்திலும் ஏறத்தாழ அதே தோற்றம் எழலாம். புற்றாக மாறக்கூடிய செல் மாற்றங்களின் கீழும் லிம்போசைட்டுகள் அவ்வாறே திரள்வதுண்டு என்பதுதான் இவற்றுள் கவலைக்குரியது. பட்டையைக் கண்டதும் நிறைவடையும் கண், அதற்கு மேலுள்ள செல்களின் ஒழுங்கின்மையைத் தவறவிடக்கூடும். லைக்கன் பிளேனஸை இனங்காண உலக சுகாதார அமைப்பு 1978-இல் வகுத்த அளவுகோல்களை 2003-இல் திருத்தியவர்கள், அத்தகைய ஒழுங்கின்மை இருக்கக் கூடாதென்றும், வாயில் கண்ட தோற்றமும் திசுவில் கண்டதும் ஒத்துப்போக வேண்டுமென்றும் வலியுறுத்தியது தகுந்ததே. ஈறோ இன்னும் ஏமாற்றும் இடம்: பற்காரையால் அங்கே ஏற்கெனவே குடியேறிய பிளாஸ்மா செல்கள், எந்த நோயின் கதையிலும் அழையாமல் நுழைந்துவிடும்.

பெம்ஃபிகஸ் நோயில் இம்முறை வேறு வகையில் தளர்கிறது. அங்கே மேற்படலச் செல்களைப் பிணைக்கும் டெஸ்மோகிளீன் 3 என்னும் புரதத்தைத் தாக்குவன எதிர்ப்புரதங்களே. ஆகவே படலத்துக்குள் பிளவு தெரியுமே தவிர, அழற்சிச் செல்கள் சொற்பமாகவே இருக்கலாம். படலம் முழுதும் அடியோடு பெயரும் பெம்ஃபிகாய்டு நோயில் ஈசினோஃபில், நியூட்ரோஃபில் என்னும் வேறு வெள்ளணுக்கள் கலந்து நின்றாலும், அக்கலவை எதையும் உறுதிசெய்வதில்லை. எதிர்ப்புரதங்கள் படிந்த இடத்தை ஒளிரச் செய்து காட்டும் இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனைதான் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. அதற்குரிய துணுக்கைப் புண்ணின் நடுவிலன்றி அதை ஒட்டிய, படலம் உதிராத பகுதியிலிருந்து எடுத்து, மைக்கேல் கரைசலில் வைத்து அனுப்ப வேண்டும். வழக்கம்போல் ஃபார்மலினில் இட்டுவிட்டால் துணுக்கு இச்சோதனைக்கு உதவாமல் போய், மறுபடியும் நோயாளியின் வாயிலிருந்தே வெட்ட வேண்டியிருக்கும்.