வரிசையில் நின்ற காதல்: ‘சோட்டஸ் எஸ்’ தொடரை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஆம்பளையும் ஆம்பளையும் காதலிக்கிற தாய்லாந்துத் தொடருக்கு இந்தப் பக்கங்களில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். சேரிக்காரன் சேரியைப் பற்றி மட்டும்தான் பேசணும் என்பதும் ஊர் போட்ட எல்லைக்கல்தான். அதை நாமே சுமந்து திரிய வேண்டியதில்லை. தவிர, யார் எழுந்து நிற்கணும், யார் தலை குனியணும், யார் எதை மறைத்துக்கொண்டு சோறு தின்னணும் என்பதுதான் இந்தத் தொடர் முழுக்க ஓடுகிற விசயம். இதைப் பற்றிப் பேச நம்மைவிடத் தகுதியானவன் எவன்?

எனக்கு இதைக் காட்டியது அக்கா மகள். வேலைக்குப் போக ஆரம்பித்த புதுசு. லீவுக்கு வந்தவள் ராத்திரி ஒரு மணிக்கும் போனை வைத்துக்கொண்டு சிரிச்சிக்கிட்டும் கண்ணைத் துடைச்சிக்கிட்டும் கிடந்தாள். “என்னாடி அது?” என்றேன். “நீங்க பாத்தா திட்டுவீங்க மாமா” என்றாள். திட்டுவதற்காகத்தான் உட்கார்ந்தேன். முதல் பருவம் பதினைந்து பகுதி, இரண்டாம் பருவம் பதிமூன்று பகுதி. இரண்டையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பிட்டர்ஸ்வீட் என்ற புனைபெயரில் எழுதுபவரின் நாவல்தான் மூலம். ஜிஎம்எம் டிவி தயாரித்த முதல் பருவம் 2016 ஆகஸ்டில் தொடங்கியது. இரண்டாவதான ‘சோட்டஸ் எஸ்’ 2017 டிசம்பர் 9இலிருந்து 2018 மார்ச் 3 வரை ஒளிபரப்பானது. சோட்டஸ் என்பது ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோர்த்த பெயர். தமிழில் சொன்னால் மூப்பு, ஒழுங்கு, மரபு, ஒற்றுமை, உணர்வு. தாய்லாந்துப் பல்கலைக்கழகங்களில் புது மாணவர்களை ‘வரவேற்கிற’ முறைக்கு இதுதான் வேதம். நம்ம ஊரில் ராகிங் என்று சொல்லி ஒளித்துச் செய்வதை அங்கே சடங்காக்கி, மைதானத்தில் வரிசை போட்டு, கழுத்தில் எண் மாட்டிச் செய்கிறார்கள்.

பொறியியல் துறையில் மூன்றாமாண்டு மாணவன் ஆதித், அதட்டுகிற சீனியர்களுக்குத் தலைவன். ஆதித் என்றால் சூரியன், நம்ம ஆதித்தன்தான். கொங்போப் முதலாமாண்டு, எண் 0062. துறையின் சின்னமான கியரை இவர்கள் சம்பாதிக்கணும். தரமாட்டேன் என்கிறான் ஆதித். எப்படி வாங்குவாய் என்று கேட்கும்போது கொங்போப் எல்லார் முன்னாலும் சொல்கிறான்: உன்னை என் பொண்டாட்டி ஆக்கிக்கொள்கிறேன், அப்போது உன்னுடையதெல்லாம் என்னுடையதாகிவிடும். மைதானமே அதிர்கிறது. அங்கே தொடங்குகிறது கதை.

எண் என்றதும் எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் அயுத்தயா மன்னன் திரைலோகநாத் காலத்தில் வகுக்கப்பட்டது சக்தினா என்கிற முறை. நாட்டில் ஒவ்வொரு மனிதனுக்கும் ஓர் எண். அடிமைக்கு 5. சாதாரணக் குடியானவனுக்கு 10 முதல் 25. அதிகாரிக்கு 400க்கு மேல். இளவரசு நிலையில் இருப்பவனுக்கு 1,00,000. குற்றத்துக்குத் தண்டனையும் அடிபட்டவனுக்கு ஈடும் இந்த எண்ணைப் பார்த்துத்தான். சட்டம் போட்டு அடிமைமுறையை முற்றாக ஒழித்தது 1905இல். தரையில் விழுந்து கும்பிடுவதை ஐந்தாம் ராமா 1873இலேயே நிறுத்தச் சொன்னார். எண் சட்டத்திலிருந்து போய்விட்டது. மூத்தவன் முன்னால் உடம்பு மடங்குகிற பழக்கம் போகவில்லை. பேச்சிலும் இருக்கிறது. ‘பீ’ என்றால் மூத்தவர், ‘நோங்’ என்றால் இளையவர். இந்த இரண்டில் நீ எது என்று தெரியாமல் அந்த மொழியில் ஓர் ஆளோடு இயல்பாக வாய் திறந்து பேசுவதே கஷ்டம். கொங்போப் காதலிக்கும்போதும் ‘பீ ஆதித்’ என்றுதான் கூப்பிடுகிறான்.

அதட்டும் ஆதித்தையே அவனுக்கு மேலே இருக்கிற சீனியர்கள் 54 சுற்று ஓடவைக்கிறார்கள். அவனும் மறுபேச்சில்லாமல் ஓடுகிறான். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதன் சூட்சுமம் இதுதான். ஒவ்வொருவனுக்கும் மேலே ஒருத்தன், கீழே ஒருத்தன். மேலே இருப்பவனிடம் வாங்கியதைக் கீழே இருப்பவனிடம் இறக்கிவிட்டால் கணக்குத் தீர்ந்தது.

ஆனால் ஒரு வித்தியாசத்தை விட்டுவிட முடியாது. சோட்டஸ் ஏணி நகரும். அடுத்த வருசம் நீயும் சீனியர் என்பதுதான் அது தருகிற லஞ்சம். நான் படித்த காலத்தில் விடுதியில் முதல் ராத்திரி சீனியர்கள் எல்லாரையும் நிற்கவைத்து ஊர் கேட்டார்கள். பிறகு தெரு கேட்டார்கள். தெருவைச் சொன்னவுடனே சில பேரை உட்காரச் சொன்னார்கள், எங்களை மட்டும் நிற்கச் சொன்னார்கள். நான் மூன்றாமாண்டு போன பிறகும் அந்த விடுதியில் நின்றுகொண்டுதான் இருந்தேன். எங்கள் ஏணி நகரவில்லை. மைதானத்து வரிசையைப் பார்த்து அழுகை வருகிற நமக்கு இந்த வித்தியாசமும் கூடவே உறைக்கணும்.

இரண்டாம் பருவம் இரண்டு வருசம் கழித்துத் தொடங்குகிறது. ஆதித் படிப்பை முடித்து ஓஷன் எலக்ட்ரிக் என்ற கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறான். கொங்போப் மூன்றாமாண்டு. எதிர்த்துப் பேசின அதே கொங்போப் இப்போது ஆதித் நின்ற இடத்தில் நின்று புதுப் பிள்ளைகளை அதட்டுகிறான். தொடர் இதைப் பெருமையாகக் காட்டுகிறது: பார், எவ்வளவு நல்ல தலைவன், எவ்வளவு நியாயமான கோபம். எனக்கு வயிறு கலங்கியது. கலகக்காரனைத் தண்டிப்பதைவிட அவன் கையில் சாட்டையைக் கொடுப்பது அமைப்புக்கு லாபம். நல்ல பண்ணையார் கதை நமக்குப் புதிதில்லை. பண்ணையார் நல்லவரா என்பது கேள்வியே இல்லை; பண்ணை ஏன் இருக்கு என்பதுதான் கேள்வி. அதைத் தொடர் கேட்கவே இல்லை.

ஆனாலும் முதல் பருவத்தைவிட இந்த இரண்டாம் பருவம்தான் கனமானது என்பேன். காரணம் அந்த ஆபீஸ். மைதானத்தில் சிங்கமாகக் கர்ஜித்தவன் இங்கே கொள்முதல் பிரிவில் கடைசி ஆள். புதுசாக வந்தவன், எல்லாருக்கும் தம்பி. சரியாகப் பேசத் தெரியாமல், எங்கே தப்பு வருமோ என்று ஒடுங்கி நடக்கிறான். கிறிஸ்ட் பெரவாத்தின் நடிப்பில் அந்தத் தோள் குறுகுவதைப் பார்க்கணும். அந்தக் கம்பெனிக்கே கொங்போப் பயிற்சிக்கு வருகிறான். இருவரும் காதலர்கள் என்பது அங்கே யாருக்கும் தெரியக்கூடாது என்கிறான் ஆதித். தெரிந்தால் என்ன என்கிறான் கொங்போப். மிச்சக் கதை பெரும்பாலும் இந்த இழுபறிதான். கடைசியில் ஆதித் தன் காதலை வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறான்.

பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “கோழைப்பய. காதலிக்கத் தெரியுது, சொல்லத் தெரியலையா?” என்றேன். அக்கா மகள் போனை நிறுத்தினாள்.

“நான் கோழையா மாமா?”

“உன்ன யாரு சொன்னா?”

“ஆபீஸ்ல மத்தியானம் ஒண்ணா உக்காந்து சாப்புடுறப்ப ஒரு அக்கா கேட்டாங்க, நீங்க எந்த ஆளுங்கன்னு. திருச்சிப் பக்கம்னு சொன்னேன். ஊரக் கேக்கலன்னு சிரிச்சாங்க. போன் வந்த மாதிரி எந்திரிச்சிப் போயிட்டேன். அதுலேருந்து தனியாத்தான் சாப்புடுறேன். இன்னும் மூணு மாசத்துல வேலைய உறுதிப்படுத்துவாங்க. அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இருக்கணுமில்ல?”

எனக்குப் பேச்சு வரவில்லை. சாதியை மறைக்காதே, நெஞ்சை நிமிர்த்திச் சொல் என்று மேடை மேடையாகப் பேசினவன் நான். நான் சொன்னது சம்பளம் நிலையான பிறகு. அந்தக் கணக்கை நான் யாருக்கும் சொன்னதில்லை.

அதன்பிறகு தொடரைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கொங்போப் வசதியான வீட்டுப் பையன், அப்பாவுக்குச் சொந்தமாகத் தொழில் இருக்கு. இந்தக் கம்பெனி போனால் அவனுக்கு இன்னொரு கதவு திறக்கும். சிங்டோ பிராச்சயாவின் அந்த அமைதியான புன்னகைக்குப் பின்னால் இந்த உறுதி இருக்கிறது. ஆதித்துக்கு இருப்பது இந்த ஒரு சம்பளம். உண்மையைச் சொல் என்று கேட்பவனுக்குச் செலவில்லை, சொல்பவனுக்குத்தான் செலவு. இந்த இடத்தில்தான் தொடர் சறுக்குகிறது. ஆதித்தின் பயத்தை அவன் சுபாவமாக, கூச்சமாகச் சுருக்கிவிடுகிறது. தைரியம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது. சொன்னவுடனே ஆபீஸ் ஏற்றுக்கொள்கிறது, பார்க்கிறவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டுகிறார்கள். ஏற்றுக்கொள்ளாத ஆபீசில் என்ன ஆகும் என்பதை எழுத யாருக்கும் மனசு வரவில்லை. அந்தக் கம்பெனியின் பொருளைக் கையால் செய்கிற தொழிலாளிக்கும் கதையில் இடமில்லை. இசான் பகுதியிலிருந்து பாங்காக்குக்குப் பிழைக்க வந்து, பேச்சுக்காகவும் நிறத்துக்காகவும் கேலிப்படுகிற மக்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்தன் இன்னொருத்தனைக் காதலித்தால் அதை எடுக்க யாராவது கேமராவைத் திருப்புவார்களா? வெள்ளைத் தோல், பொறியியல் படிப்பு, துவைத்து மடித்த சட்டை. இவை இருந்தால்தான் காதலுக்கே அழகு என்று இந்த வகைத் தொடர்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

இன்னொன்றும் சொல்லணும். ‘பொண்டாட்டி ஆக்கிக்கொள்கிறேன்’ என்ற சவாலைக் கேட்டு எல்லாரும் சிரிக்கிறோம். ஒருத்தனை அவமானப்படுத்தணும் என்றால் பொம்பளை ஆக்கு என்பது எல்லா ஊர் ஆம்பளைக்கும் தெரிந்த பாடம். ஆம்பளைக் காதலைச் சொல்ல வந்த தொடரும் அங்கிருந்துதான் வார்த்தை எடுக்கிறது. நான் ஆம்பளைகளை விரும்புகிறவன் இல்லை, இந்த ஒருத்தனை மட்டும்தான் விரும்புகிறேன் என்பது இந்த வகைக்கதைகளின் வாடிக்கை வசனம். தெருவில் கல்லடியும் கேலியும் பட்டு, மறைக்க வழியில்லாமல் வாழ்ந்த கத்தோய்கள் பெரும்பாலும் இவற்றில் சிரிப்புக்கு வந்துபோகிறார்கள். பாதையைத் தேய்த்தவர் ஒருத்தர், அதில் மாலையோடு நடக்கிறவர் இன்னொருத்தர்.

வெளியே காலம் சும்மா இருக்கவில்லை. இந்தத் தொடர் ஓடியது 2014 மே மாதம் ஆட்சியைப் பிடித்த ராணுவத்தின் காலத்தில். அந்த ஆட்சிக்குழு தன் பெயரிலேயே ‘ஒழுங்கு’ என்ற சொல்லை வைத்திருந்தது. 2017 ஆகஸ்டில் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் மன்னர் சிலை முன்னால் புது மாணவர்களை விழுந்து கும்பிடவைக்கும் சடங்கை ஏற்காமல் வெளிநடப்புச் செய்தார் மாணவர் மன்றத் தலைவர் நெத்திவித். அவருடைய பதவி பறிக்கப்பட்டது. அதே வருச டிசம்பரில்தான் ‘சோட்டஸ் எஸ்’ தொடங்கியது. 2020இல் ‘கெட்ட மாணவர்கள்’ என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்ட பள்ளிப் பிள்ளைகள் முடிவெட்டு விதிகளை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். 2022 மார்ச்சில் நக்கோன் ராட்சசிமாவில் வரவேற்புச் சடங்கில் அடிவாங்கி ஒரு மாணவன் செத்தான். 2024 ஜூன் 18இல் தாய்லாந்து மேலவை சமத்திருமணச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23இல் நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்கு ஆசியாவில் அதுதான் முதல் நாடு. ஆணும் ஆணும் சட்டப்படி கல்யாணம் பண்ணலாம் என்கிற இடத்துக்கு அந்த நாடு வந்திருக்கிறது. மைதானத்து அதட்டல் இன்னும் முழுசாக அடங்கவில்லை. காதல் ஏணியில் ஏறிவிட்டது, ஏணி அப்படியே நிற்கிறது.

இவ்வளவு குறை சொல்லியும் இந்தத் தொடரைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆபீஸ் மேசைக்குப் பக்கத்தில் காதலன் நிற்கும்போது ஆதித் கண்ணை எடுத்து வேறு பக்கம் வைக்கிறானே, அந்த ஒரு பார்வைக்காகப் பாருங்கள். அதைப் பார்த்துக் கோழை என்று சொல்ல வாய் வந்தால் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு அது தாமதமாகத்தான் வந்தது.

லீவு முடிந்து அக்கா மகள் பஸ் ஏறினாள். எப்போது சொல்லப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அது அவள் குறிக்கிற நாள். “தனியா உக்காந்து சாப்புடாதடி” என்று மட்டும் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள்.