கழிக்கும்போது ஒன்று குறைத்து

108 முதல் 200 வரை ஒன்பதின் மடங்குகள் எத்தனை? விரல் விட்டே எண்ணிவிடலாம். ஆனால் எண்ணாமல் விடை காணும் வழியில் ஒரு நயம் இருக்கிறது.

200-ஐ 9-ஆல் வகுத்தால் ஈவு 22, மீதி 2. மீதியை விட்டுவிடுவோம். 1 முதல் 200 வரை ஒன்பதின் மடங்குகள் அந்த 22-தான். வகுத்தல் இங்கே எண்ணும் வேலையைச் செய்துவிடுகிறது. இனி, 108-க்கு முன்பே வந்துபோனவற்றைக் கழிக்க வேண்டும். கை தானாக 108-ஐ வகுக்கப் போகும். ஈவு 12, 22-இல் 12 போக 10. ஆனால் 108-உம் ஒன்பதின் மடங்காயிற்றே! உள்ளே இருக்க வேண்டியதையும் சேர்த்துக் கழித்துவிட்டோம். வகுக்க வேண்டியது 107-ஐ. ஈவு 11, விடையும் 11. இந்த வழி முழுவதிலும் நான் மிக ரசிப்பது, அப்படி ஒன்று குறைத்துக்கொள்ளும் இடத்தைத்தான்.

வரம்பை ஒரே ஓர் எண் தள்ளி, 109 முதல் 201 வரை என்று வைத்துப் பாருங்கள். அப்போதும் மொத்தம் 93 எண்கள்தான், மடங்குகளோ 10. அடுத்தடுத்த ஒன்பது எண்களில் ஒன்பதின் மடங்கு ஒன்றே ஒன்று இருக்கும், கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஆகவே 90 எண்களுக்குப் பத்து மடங்குகள் உறுதி. மிஞ்சிய மூன்று எண்களில் இன்னொன்று சிக்குமா என்பதை, எங்கே தொடங்குகிறோம் என்பதே தீர்மானிக்கிறது.

இந்தக் கணக்கு மிக அழகாக அமைந்திருப்பது நாட்காட்டியில். 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகரி கொண்டுவந்த முறைப்படி, நான்கின் மடங்கான ஆண்டுகள் லீப் ஆண்டுகள். அவற்றில் நூறின் மடங்குகள் விலக்கு. அந்த விலக்கிலும் நானூறின் மடங்குகளுக்கு விலக்கு. அதனால்தான் 1900-க்குக் கிடைக்காத பிப்ரவரி 29, 2000-க்குக் கிடைத்தது. 1601 முதல் 2000 வரை நான்கின் மடங்குகள் 100, நூறின் மடங்குகள் 4, நானூறின் மடங்கு 1. நூறில் நான்கைக் கழித்து, ஒன்றைத் திரும்பக் கூட்டினால் 97 லீப் ஆண்டுகள்.

நானூறு ஆண்டுகளின் 1,46,000 நாட்களோடு இந்த 97-ஐயும் சேர்த்தால் 1,46,097. அது ஏழால் மீதியின்றி வகுபடுகிறது: சரியாக 20,871 வாரங்கள்! அதனால் நானூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேதியும் கிழமையும் அப்படியே திரும்பி வருகின்றன. 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. 2347 ஆகஸ்ட் 15-உம் வெள்ளிக்கிழமைதான்.