பூட்டுப் பட்டறை அண்ணனும் கல்கத்தா 'பிராமி'னும்

போன மாதம் திண்டுக்கல் வீட்டில் பரணைச் சுத்தம் பண்ணும்போது என் பழைய செஸ் நோட்டு கிடைத்தது. ஒன்பதாவது படிக்கும்போது ஆடிய ஆட்டங்கள். அதில் ஒன்றைப் போர்டில் வைத்து ஆடிப் பார்த்தேன். 41 நகர்த்தல், ஒரு இடத்தில்கூட இடிக்கவில்லை. 34-வதில் யானையைச் சும்மா தூக்கிக் கொடுத்துத் தோற்றிருக்கிறேன். எல்லாம் சரி, எதிராளி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நான் எழுதி வைத்திருப்பது: "பூட்டுப் பட்டறை அண்ணன்".

நாகல் நகர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். அரம் பிடித்துக் காய்த்துப்போன விரலால் குதிரையைத் தூக்கி வைப்பார். முகம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெயர் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. அன்றைக்கு எனக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

பழைய ஆட்டக் குறிப்புகளில் நம் ஊர் ஆட்டக்காரர்களைத் தேடும் பழக்கம் எனக்குண்டு. வெள்ளைக்காரன் நம்மாள் பெயரை ஒழுங்காக எழுதவில்லை என்று பொருமியதும் உண்டு. இந்த நோட்டைப் பார்த்த பிறகு அந்தப் பொருமல் கொஞ்சம் சுருதி இறங்கிவிட்டது. அதனால் இந்தக் கட்டுரை.

முதலில் கல்கத்தா. ஜான் காக்ரேன் என்ற பாரிஸ்டர் அங்கே இருந்தார். 1822-லேயே செஸ் பற்றிப் புத்தகம் போட்டவர், அந்தக் காலத்துப் பெரிய கை. 1848 வாக்கில் அவருக்கு மொபசலிலிருந்து ஒரு எதிராளி கிடைக்கிறார். இருவரும் ஆடியவை நூற்றுக்கணக்கான ஆட்டங்கள். எதிராளியின் பெயர் மொஹேஷ்சந்தர் பானர்ஜி. அச்சில் ஒரு ஒட்டும் சேர்ந்து வரும்: 'பிராமின்'. பானர்ஜி என்றாலே வங்காளத்தில் சாதி தெரிந்துவிடும். அதற்கு மேல் அந்த ஒட்டு நமக்குத் தருவது ஒன்றுமில்லை. இங்கிலாந்து வாசகருக்கு ஒரு வேடிக்கை, அவ்வளவே. என் நோட்டில் 'பூட்டுப் பட்டறை' செய்த வேலையும் இதேதான்.

ஆனால் ஆட்டத்தைப் பாருங்கள். 1855 மே மாதம் கறுப்புக் காய்களில் ஆடி அவர் காக்ரேனிடம் தோற்ற ஆட்டம் அப்படியே இருக்கிறது. குதிரையை முதலில் எடுத்து, நடுவில் சிப்பாயைத் தள்ளி மோதி, பிறகு மந்திரியை ஓரமாக நீண்ட மூலைவிட்டத்தில் உட்கார வைக்கிறார். இன்றைக்கு அதற்கு க்ரூன்ஃபெல்ட் என்று பெயர். வியன்னாக்காரர் க்ரூன்ஃபெல்ட் அதைக் கையில் எடுத்தது 1922-ல். இடையில் 67 வருஷம்!

இந்த மாதிரி ஆட்டங்களிலிருந்துதான் 'இந்தியன் டிஃபென்ஸ்' என்ற பெயர் வந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அதில் ஒரு மனக்குறை. காக்ரேனும் ஒரு திறப்பை ஆடினார், 1848-ல் இதே மொஹேஷ்சந்தருக்கு எதிராகக் குதிரையை வெட்டுக் கொடுத்து. அதன் பெயர் 'காக்ரேன் கேம்பிட்'. ஒருவருக்கு அவர் பெயர், இன்னொருவருக்கு அவர் நாட்டின் பெயர். நம் பாணி ஆட்டத்தில் சிப்பாய் முதலில் ஒரு கட்டம்தான் நகரும், அந்தப் பழக்கம்தான் இப்படி ஆட வைத்தது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்த மனிதர் யோசித்து இதைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்பதற்கு அந்த விளக்கத்தில் இடமே இல்லை.

சரி, பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியுமா? சில சமயம் நம் காதே போதும். 1814-ல் பம்பாயில் ஒரு செஸ் புத்தகம் வந்தது. சமஸ்கிருதத்திலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது, ஐரோப்பிய முறைக்கு ஏற்ற புதிர் நிலைகள். அட்டையில் 'ட்ரெவங்கடாசார்யா சாஸ்திரி'. வாய்விட்டு ஒரு தடவை படித்தால் போதும், நம் ஊர்க்காரர் யாருக்கும் திருவேங்கடாச்சாரியார் கேட்டுவிடும். தெற்கத்தி வைணவக் குடும்பப் பெயர் மரபு என்று துணிந்து சொல்லலாம். எந்த ஊர், எந்தத் தெரு என்று அதிலிருந்து இறங்கினால் அது கற்பனை.

இதே காது ஏமாற்றவும் செய்யும். காக்ரேனோடு ஆடிய இன்னொருவர் பெயர் 'சாம்சர்ன் குட்டாக்' என்று பதிவாகியிருக்கிறது. படித்ததும் எனக்கு ஒடிசாவின் கட்டக் நகரம்தான் மனசில் வந்தது. ஊர்ப்பெயர் என்றே கொஞ்ச நாள் நினைத்தேன். வங்காளி காதுக்கு இது சியாமாசரண் கட்டக். சினிமாக்காரர் ரித்விக் கட்டக்கின் குடும்பப் பெயர்தான். தமிழில் எழுதினால் ஊரும் குடும்பப் பெயரும் ஒரே மாதிரி வந்து நிற்கின்றன. ஆக, காது அதனதன் மொழிக்குள்தான் சாட்சி.

அடுத்து நம் மெட்ராஸ். 1828-ல் மெட்ராசுக்கும் ஹைதராபாத்துக்கும் கடிதம் மூலம் ஆட்டம் நடந்தது. மெட்ராஸ் பக்கம் ஆடியவர்களில் ஒருவர் குலாம் காசிம். மறு வருஷம் 1829-ல் முசியோ கேம்பிட்டை அலசி மெட்ராஸிலேயே ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர்கள் குலாம் காசிமும் காக்ரேனும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். காக்ரேன் என்றதும் கல்கத்தா ஜான் என்று எழுதிவிடுகிறார்கள். இவர் ஜேம்ஸ் காக்ரேன், வேறு ஆள். ஒரே காலம், ஒரே நாடு, ஒரே விளையாட்டு, ஒரே குடும்பப் பெயர். வெள்ளைக்காரர் பெயரும் இப்படித்தான் கலந்துபோகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குலாம் காசிமுக்கு ஒரு நியாயம் நடந்தது. ஐந்தாவது நகர்த்தலில் குதிரை வெட்டுப்படட்டும் என்று விட்டு ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயைத் தள்ளும் வழி இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. காரணம் எளிது. புத்தக அட்டையில் அவர் பெயர் இருந்தது.

இப்போதைய டேட்டாபேஸ்கள்மேல் என் விமர்சனம் இதுதான். மொஹேஷ்சந்தர், மஹிஷுந்தர், மகேசசந்திரா என்று விதவிதமாக வந்ததை ஒரே எழுத்துக்கூட்டலாக மாற்றிவிடுகிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்தத் தப்பும் தவறுமான எழுத்துக்கூட்டல்தான் நமக்கு இருக்கும் தடயம். யார் காதில் எப்படி விழுந்தது என்று அது ஒன்றுதான் சொல்லும். 'ட்ரெவங்கடாசார்யா'வை யாராவது முன்பே திருத்தித் தொலைத்திருந்தால் அது ஆங்கிலக் காதில் விழுந்த பெயர் என்பதே தெரிந்திருக்காது. அச்சில் இருந்ததை அப்படியே ஒரு கட்டத்தில் வையுங்கள். இன்னார் என்று நினைக்கிறோம் என்பதைப் பக்கத்துக் கட்டத்தில், வேண்டுமானால் கேள்விக்குறியோடு வையுங்கள். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

நோட்டை எடுத்துக்கொண்டு நாகல் நகர்ப் பக்கம் ஒரு நடை போய் வந்தேன். பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. பக்கத்து டீக்கடைப் பெரியவரிடம் கேட்டேன். "செஸ் ஆடுவாரா? அப்ப அது ரெண்டு பேருல்ல தம்பி" என்று இரண்டு பெயர் சொன்னார். இரண்டையும் நோட்டில் பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஆளுக்கொரு கேள்விக்குறி போட்டேன். 'பூட்டுப் பட்டறை அண்ணன்' என்பதை அழிக்கவில்லை.