பகைவன் மனத்தை மாற்றிய கோயில்

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள ஐயம்பேட்டையின் நெசவுத் தறிகளைப் பார்க்க வருகிறவர்கள், காஞ்சியில் சேலைக் கடையோடு திரும்பிவிடாமல் கைலாசநாதரையும் பார்த்துவிட வேண்டும். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த மணற்கல் கோயில். கருவறையைச் சுற்றிக் குறுகலான வழி. தவழ்ந்துதான் நுழைய வேண்டும். சுற்றி வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். தொப்பைக்காரர்களுக்கு முக்தி கொஞ்சம் சிரமம்தான்!

இந்தக் கல்லின் சக்திக்கு நான் நம்பும் சாட்சி வேறு. பல்லவரை வென்று காஞ்சிக்குள் நுழைந்த சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயில் செல்வத்தைக் கண்டும் எடுத்துச் செல்லவில்லை. இறைவனுக்கே திருப்பித் தந்தான். மண்டபத் தூணில் கன்னடக் கல்வெட்டு இன்றும் அதைச் சொல்கிறது. தோற்றவன் ஊரில், வென்றவனின் மொழியில்! பிறகு அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலிலும் கைலாசநாதரின் சாயல் தெரிகிறது.