தூதும் மறுமொழியும்: பட்டியல் மின்னஞ்சல் மென்பொருள் குறித்த திறனாய்வு – புதுமடம் கடற்கரையை முன்வைத்து

முன்னுரை

ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புவதும், அவர்கள் ஒவ்வொருவரும் தரும் மறுமொழியைத் தனித்தனியே இனங்காண்பதும் வெவ்வேறு பணிகளாகும். பட்டியல் மின்னஞ்சல் மென்பொருள்கள் முதற்பணியைத் திறம்படச் செய்கின்றன. இரண்டாம் பணியைப் பெரும்பாலும் குறைவாகவே செய்கின்றன. அலுவலக மடல்களில் இவ்வேறுபாடு பெரிதாகப் புலப்படுவதில்லை. மன்னார் வளைகுடாக் கரையில், மண்டபத்திற்கு மேற்கே அமைந்த புதுமடம் போன்ற ஊர்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பப்படும்போது அது உயிர் சார்ந்த வினாவாகிறது. தமிழ்த் தூது மரபின் துணைகொண்டு, இம்மென்பொருள்கள் 'செய்தி' என்பதை எவ்வாறு புரிந்துகொள்கின்றன என மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தூது மரபில் மறுமொழி

திருக்குறள் தூதினைப் பொருட்பாலில் 69ஆம் அதிகாரமாக வைத்துள்ளது. பிற்காலத்தில் தூது தனிச் சிற்றிலக்கிய வகையாக வளர்ந்தது. இராமேசுவரத்தின் மீது தேவையுலா பாடிய பலபட்டடைச் சொக்கநாதப் புலவர், அழகரிடம் கிளியைத் தூதனுப்பும் கிள்ளைவிடு தூதினையும் இயற்றினார். தலைவனிடம் மாலை வாங்கி வருமாறு தூதுப்பொருளை வேண்டுவது இவ்வகை நூல்களில் பரவலாகக் காணப்படும் மரபாகும். மாலை, கேட்டவர் இசைந்தமைக்கான சான்று. அது வந்து சேரும்வரை தூது முற்றுப்பெறுவதில்லை.

மென்பொருளின் வரிசை

மின்னஞ்சல் பரிமாற்ற நெறிமுறை 1982இல் வரையறுக்கப்பட்டது. பெறும் வழங்கி தற்காலிகமாக ஏற்க மறுத்தால், அனுப்பும் வழங்கி மடலை வரிசையில் நிறுத்தி மீண்டும் மீண்டும் முயல்கிறது. இம்முயற்சியைக் குறைந்தது 4 அல்லது 5 நாள்கள் தொடர வேண்டுமென நெறிமுறையின் பிற்காலத் திருத்தம் அறிவுறுத்துகிறது. டி. ஜே. பெர்ன்ஸ்டைன் முன்வைத்த முறையில் ஒவ்வொரு பெறுநருக்கும் தனித்த திரும்பு முகவரி அமைவதால், எவருடைய மடல் திரும்பியது என்பதைப் பொறியே அறிய முடிகிறது. குனு மெயில்மேன் போன்ற மென்பொருள்களும் இம்முறையைக் கையாள்கின்றன.

எனினும் இங்குத் துல்லியமாக அறியப்படுவது தோல்வி மட்டுமே. திரும்பாத மடல் சேர்ந்ததாகவும், சேர்ந்த மடல் படிக்கப்பட்டதாகவும் கொள்ளப்படுகின்றன. பெறுநரின் மௌனம் இசைவாக எண்ணப்படுவதே இவ்வடிவமைப்பின் அடிப்படைக் குறையாகும். நான்கு நாள் வரிசை மடலுக்குப் பொறுமை. புயலுக்கு அது பொருளற்றது.

கடற்கரைச் சான்று

2017 நவம்பர் இறுதியில் உருவான ஒக்கி புயலின்போது, முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலரை எச்சரிக்கை எட்டவில்லை. கரையில் செய்தி வெளியிடப்பட்டிருந்தது; கடலில் அது கேட்கப்படவில்லை. இதன்பின் ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் முன்னெடுப்பில், 2019இல் ஜெமினி கருவி அறிமுகமானது. செயற்கைக்கோள் வழியே படகிலுள்ளவரின் கைப்பேசிக்குச் செய்தி தரும் அக்கருவி ஒருவழிப்பட்டது. மீனவர் அதன்வழி மறுமொழி அனுப்ப இயலாது. 2024இல் செயற்பாட்டுக்கு வந்த இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை ஆபத்து அறிவிப்புக் கருவியே, படகிலிருந்து எழும் அழைப்பு கரையை எட்டியதை மீனவருக்குத் திரும்ப உணர்த்துகிறது. ஒருவழிச் செய்தியின் போதாமையை இவ்வளர்ச்சியே காட்டுகிறது எனலாம்.

மறுமொழியின் உள்ளடக்கமும் கருதத்தக்கது. உலகப் பொது எச்சரிக்கை நெறிமுறையில் ஏற்பு அறிவிப்புக்கென ஒரு செய்தி வகை உண்டு. அது 'கிடைத்தது' என்பதை முதன்மையாக உணர்த்துகிறது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றைத் திசைவாரியாகப் பெயரிட்டு அறியும் மீனவர், 'இங்குக் காற்று முன்னரே திரும்பிவிட்டது' எனச் சொல்லக்கூடும். ஆம், இல்லை என்னும் கட்டங்களில் இவ்வறிவு அடங்காது. பெறுநரை அறிவுடையவராகக் கருதாத மென்பொருள், மறுமொழியை எண்ணுமேயன்றிக் கேட்பதில்லை.

மறுமொழியும் கண்காணிப்பும்

தனிநபர் மறுமொழியைப் பின்தொடர்வது கண்காணிப்பாக மாறும் இடமும் உண்டு. மடலில் மறைத்து வைக்கப்படும் நுண்படம், திறந்தவர் அறியாமலேயே செய்தி தருகிறது. எல்லை தாண்டியதற்காகக் கைதுகள் நிகழும் இக்கடற்பகுதியில், இருப்பிடம் சுட்டும் எந்தக் கருவியும் காப்பாகவும் சான்றாகவும் மாறக்கூடும். தூது மரபில் மாலை தலைவன் விரும்பித் தருவது, பறித்து வரப்படுவதன்று. மறுமொழிக்கும் கண்காணிப்புக்கும் இடையேயான எல்லை இவ்விருப்பமே.

முடிவுரை

அனுப்பிய எண்ணிக்கையை வெற்றியாகக் கணக்கிடும் மென்பொருள், தூதின் முற்பாதியை மட்டுமே அறிந்தது. மறுமொழி வராதவர்களின் பட்டியலே முதன்மையானதாக அமைய வேண்டும். அப்பட்டியலில் உள்ளோரை வேறு வழியில், தேவையெனில் மனிதர் வழியாகவே, தேடிச் செல்லும் பொறுப்பு அனுப்புநருக்கு உரியது. புதுமடம் கரையில் எச்சரிக்கையின் அளவுகோல் எத்தனை பேருக்கு அனுப்பப்பட்டது என்பதன்று. எவரிடமிருந்து இன்னும் மறுமொழி வரவில்லை என்பதேயாகும்.