வண்டி வரும் நாளும் ஆள் இருக்கும் நாளும்

மைசூரு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், குடகுக்குப் போகும் சாலையில் இருக்கிறது பைலகுப்பே. 1960களின் தொடக்கத்தில் அன்றைய மைசூர் அரசு ஒதுக்கிய காட்டைத் திருத்தித் திபெத்திய அகதிகள் இங்கே குடியேறினார்கள். குடியிருப்புகளை 'முதல் கேம்ப், நான்காம் கேம்ப்' என்று எண் சொல்லித்தான் இன்றும் அழைக்கிறார்கள். அறுபது ஆண்டு கழித்தும் கேம்ப்! சுற்றிலும் உள்ள ஹாடிகள் எனும் சிறு குடியிருப்புகளில் ஜேனு குருபர் முதலான பழங்குடியினர். கபினி அணையும் நாகரஹொளே, பந்திப்பூர் வனப் பாதுகாப்பும் அவர்களில் பலரைக் காட்டிலிருந்து வெளியேற்றின. அகதிக்கு இடம் தந்த மண்ணின் மக்களே இடம்பெயர்ந்தவர்கள் என்பதை மறந்துவிட்டு இங்கே மருத்துவம் பற்றிப் பேச முடியாது.

திபெத்தியரை நெடுங்காலமாக வாட்டுவது காசநோய். மடங்களிலும் விடுதிப் பள்ளிகளிலும் பலர் ஒரே அறையில் படுத்துறங்கும் வாழ்க்கை அதற்கு வசதி. தேடிப் போய்ச் சோதிப்பதன் பலனை இமாச்சலத்தில் பார்த்தார்கள். 2017-18இல் அங்குள்ள 11 திபெத்தியப் பள்ளிகளில் 5,391 மாணவர்களைச் சோதித்தபோது 46 பேருக்குக் காசநோய் இருந்தது. கண்டறியப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அறிகுறியே இல்லை. இருமினால்தானே ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? மருத்துவமனை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இவர்கள் அதன் வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். ஊர் ஊராகப் போகும் நடமாடும் மருத்துவ வண்டிக்கு இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கிருமித் தொற்று மட்டும் இருந்த மாணவர்களில் 90 விழுக்காட்டினர் தடுப்பு மாத்திரை எடுத்துக்கொண்டார்கள். பள்ளி ஊழியர்களில் 30 விழுக்காட்டினர்தான். சோதனையும் ஒன்றே, மருந்தும் ஒன்றே. ஆனால் மாணவர்கள் விடுதியில் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள், கேட்க ஒரு வார்டன் உண்டு. ஊழியர்களுக்கு அப்படி யார்? காரணம் இதுதான் என்பது என் ஊகம். எப்படியானாலும், கண்டுபிடிக்க ஒரு நாள் போதும், குணமாக்க ஆறு மாதம் வேண்டும். வண்டி அந்த ஒரு நாளுக்கானது.

அந்த ஆறு மாதத்தில் ஆள் எங்கே இருப்பார்? அக்டோபர் பிறந்தால் திபெத்தியக் குடும்பங்கள் பல ஸ்வெட்டர் விற்க மூட்டையோடு நகரங்களுக்குக் கிளம்பிவிடும். நம் ஊர்த் தெருவோரங்களிலும் அவர்களைப் பார்க்கிறோம். ஹாடிக்காரர்கள் பலர் காப்பிப் பழம் பறிக்கக் குடகுத் தோட்டங்களின் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் போய்விடுவார்கள். வண்டி அட்டவணைப்படி வந்து நிற்கும்போது திண்ணையில் கிழவர்களும் குழந்தைகளும்தான். வண்டிக்குச் சக்கரம் இருக்கிறது, வழித்தடமோ அசைவதில்லை. பாதியில் விட்ட மாத்திரை நோயை மருந்துக்கு அடங்காததாக்கும் என்பதால், காசநோயில் இது சின்னக் குறை இல்லை.

வண்டி மட்டும் போதாது என்பதை அதே மாவட்டத்தின் எச்.டி. கோட்டே வட்ட அனுபவமும் காட்டுகிறது. 1984இல் மைசூரு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய சுவாமி விவேகானந்தா இளைஞர் இயக்கம் ஹாடி ஹாடியாகப் போய் மருத்துவம் பார்த்தது. அதோடு நிற்காமல் கெஞ்சனஹள்ளியிலும் சரகூரிலும் மருத்துவமனை கட்டியது. பிரசவ வலியும் பாம்புக்கடியும் வண்டி வரும் கிழமை பார்த்து வருவதில்லையே.

இன்னொரு குறையும் எனக்கு உறுத்துகிறது. அகதிக்கென ஒரு திட்டம், பழங்குடிக்கென ஒரு திட்டம், இடையிலுள்ள கன்னடக் கிராமத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம். பணம் கொடுப்பவர்கள் வேறு, பதிவேடுகள் வேறு. கேம்ப் வயலுக்குக் கூலிக்கு வரும் பெண்ணும் நிலக்காரரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். கிருமி யாருடைய அடையாள அட்டையையும் கேட்பதில்லை.

இந்தக் குறைகளுக்கு வழி தேட வெகுதூரம் போக வேண்டாம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருபவர் பெரும்பாலும் அதே பகுதிப் பெண். வண்டி போன பிறகும் அவர் ஊரில் இருக்கிறார், யார் மாத்திரையை விட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பைலகுப்பேயிலும் ஹாடிகளிலும் அப்படி இடத்துக்கொருவரை வைத்து, அவர்கள் கையில் பொதுவான ஒரே பதிவேட்டைக் கொடுக்கலாம். டிசம்பரில் வண்டியைக் குடகின் லைன் வீடுகளுக்குத் திருப்பலாம். ஸ்வெட்டர் கடைக்காரருக்கு மூட்டை கட்டும் முன்பே சீசன் முடியும்வரைக்குமான மாத்திரையும், போகிற ஊரின் காசநோய்ப் பிரிவு முகவரியும் கையில் இருக்க வேண்டும்.